மேர் தலையில் விழுந்த கல்லுப்பு

அக்கா போன் பண்ணியபோது நான் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கழுத்து வெட்டும்போது போனை எடுக்கக் கூடாது. எடுத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கழுத்து நன்றாகவே இறங்கிப்போனது. வந்து கேட்டபோது, இப்போ இதுதாம்மா ஃபேஷன் என்று சாதித்துவிட்டேன். அந்தப் பாவம் அக்கா தலையில்தான் விடிய வேண்டும்.

"ஸ்டெல்லா, மாதா திருநாளுக்கு இந்த ஊரையே சாப்பாட்டுக்குக் கூப்புட்டுட்டேன்டி. நீ வந்து சமைச்சுக் குடு."

"எந்த ஊரை?"

"இந்த மலையில இருக்கிற ஊரத்தான். இருபது பேரு இருப்பாங்க. ஒரு வருஷமா ஒருத்தரும் வாசப்படி மிதிக்கலை. இந்தத் தடவை வந்தாங்கன்னா இங்கியே இருந்துடறேன். வரலைன்னு வெச்சுக்கோ, பொட்டியக் கட்டிட்டு மூலக்குளத்துக்கே வந்துடறேன். மாமாகிட்டயும் சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

நான் கத்திரியைக் கீழே வைத்தேன். வரேன்க்கா என்றேன். தங்கச்சி சமைக்க வருகிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நான் கிளம்பியது அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வர.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமா, அதாவது அக்கா ரீத்தாவின் வீட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் புதுச்சேரியில் அவர்களுக்குச் சொல்தா என்று பெயர். சொல்தா வீட்டில் பெண் கொடுத்தால் பெண் பாரிசுக்குப் போய்விடும், வயசான காலத்தில் பென்ஷனோடு திரும்பி வரும். இதுதான் ஊர் வழக்கம். அதை நம்பித்தான் நாங்கள் இரண்டு பேரும் மூலக்குளத்தில் பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கி வீடு கட்டினோம். நடு மதிலில் ஒரு சின்னக் கதவு வைத்தோம். கொழம்புக் கிண்ணத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நீட்ட. கொத்தனாரே அதைக் கொழம்புக் கதவு என்றுதான் சொன்னார். நான் நெல்லித்தோப்புத் தையல் கடையை மட்டும் வைத்துக்கொண்டு குடியை மூலக்குளத்துக்கு மாற்றினேன். அக்கா வரவில்லை.

மாமா ரிட்டையர் ஆன கையோடு எங்கேயோ ஆல்ப்ஸ் மலையில் ஒரு மரவீட்டைப் பார்த்து, சாமியார் மாதிரி அங்கே ஏறிவிட்டார். அக்காவும் பின்னாலேயே போய்விட்டாள். மூன்று அட்டாச்டு பாத்ரூம் வைத்த வீட்டை வாரா வாரம் பெருக்கித் துடைத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். கொழம்புக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டது. எனக்கு எரிச்சல் வராதா?

போகும்போது அக்கா கேட்டதெல்லாம் எடுத்துப் போனேன். வடகம், புளி, மசாலாத்தூள், மிளகு, அப்புறம் மரக்காணத்துக் கல்லுப்பு ஒரு பெரிய பொட்டலம். பிரான்சில் உப்பு இல்லையா என்று கேட்டதற்கு, "இருக்குடி, எல்லாம் பவுடரா இருக்கு. தேருல வீசினா காத்துல போயிடும்" என்றாள். மாதா தேர் வரும்போது உப்பும் மிளகும் வீசி வேண்டிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அந்த மலையில் தேர் ஏது என்று நான் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் ஒரு ஆபீசர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கல்லை எடுத்து மோந்து பார்த்து, இது என்ன என்றார். உப்பு என்றேன். யாருக்கு என்றார். மாதாவுக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு மலை என்றால் கோரிமேடு. சைக்கிளில் போனால் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான் எங்கள் ஊரின் உயரம். மாமா ஓட்டிய காரோ நேராக வானத்தைப் பார்த்து ஏறியது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் "கீழ பாரு, எவ்ளோ அழகு" என்றார் மாமா. நான் என் மடியை மட்டும் பார்த்தேன். பாதி வழியில் ஒரு மாட்டு மந்தை குறுக்கே வந்து நின்றது. ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் கோயில் மணி அளவுக்கு ஒரு மணி. கார் நின்ற அந்த நேரம் பார்த்து என் வயிறு தன் முடிவை எடுத்தது. கையில் கிடைத்தது மாமாவின் தொப்பி.

"பரவால்ல ஸ்டெல்லா, பழைய தொப்பிதான்" என்றார் மாமா. அவர் முகத்தைப் பார்த்தால் பழைய தொப்பி மாதிரி தெரியவில்லை.

வீடு படத்தில் பார்க்க லட்சணமாக இருந்தது. மரச்சுவர், மரக்கூரை, ஜன்னலில் சிவப்புப் பூ. உள்ளே போனால் ஒரே அறை. மேலே ஏணி வைத்து ஏறினால் படுக்கை. தண்ணீர் ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது, பல்லில் பட்டால் மண்டை விண்ணென்கிறது. அக்கா நூல் மாதிரி மெலிந்திருந்தாள். கட்டிக்கொண்டு அழுதோம், அப்புறம் நான் பாத்ரூம் எங்கே என்றேன்.

அக்கா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். தூரத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே பலகையில் ஓட்டை, பக்கத்தில் ஒரு வாளி மரத்தூள், ஒரு கரண்டி. தண்ணீர் கிடையாது. போன பிறகு தூளை அள்ளிப் போட வேண்டுமாம். எங்கள் சின்ன வயசில் நெல்லித்தோப்பில் கொல்லைப் பக்கம் ஓடினோம், இனிமேல் அந்தக் கஷ்டம் வேண்டாமென்றுதான் மூன்று அட்டாச்டு பாத்ரூம் கட்டினோம். பிரான்சுக்கு வந்தும் வெளிக்கு வெளியேதான் போக வேண்டியிருந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு போன என்னை ஒரு ஆடு கடைசி வரைக்கும் நின்று பார்த்தது.

"இதுக்கா அக்கா மூலக்குளத்தப் பூட்டி வெச்ச?"

"பழகிடும்டி."

"பழகறதுக்குள்ள நான் வெடிச்சுடுவேன்."

மாமா கேட்டுக்கொண்டே விறகு பிளந்துகொண்டிருந்தார். கீழே கைலி, மேலே குளிர் ஜாக்கெட். அவர் அந்த மலையில் சந்தோஷமாக இருந்தார், அது கோடாலி இறங்குகிற சத்தத்திலேயே தெரிந்தது. எனக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மறுநாள் காலையில் ரொட்டி வேன் வந்தது. வாரத்தில் சில நாள் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். அக்கா தலை சீவி, பொட்டு மாதிரி ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு ஓடினாள். வேன்காரம்மாவோடு ரொட்டி, வெயில், மழை மூன்றையும் பேசிவிட்டு வந்தாள். வேன் போன பிறகு ரொட்டியை மார்போடு அணைத்தபடி அது போன வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ ஒருத்திதான்டி எங்கிட்ட நின்னு பேசறவ. மத்தவங்கல்லாம் நல்லவங்கதான். போன்ஜூர் சொல்லுவாங்க, கையாட்டுவாங்க, பனி பேஞ்சா மாமாவுக்கு வழி வெட்டிக் குடுப்பாங்க. வீட்டுக்குள்ள மட்டும் வரமாட்டாங்க. பாக்கறப்பல்லாம் சாப்புட வாங்க, சாப்புட வாங்கன்னு கூப்புடறேன். மெர்சி மெர்சின்னு நன்றி சொல்லிட்டுப் போயிடறாங்க."

"திருநாளுக்குக் கூப்புட்டியே, அதுக்கு என்ன சொன்னாங்க?"

"பட்டுப் புடவை கட்டிக்கிட்டு வீடு வீடாப் போனேன். அதிரசம் குடுத்தேன். எல்லாரும் பாக்கலாம்னாங்க."

எனக்கு உள்ளே குளுகுளுவென்று ஆனது. நம் ஊரில் ஒருத்தர் பாக்கலாம் என்றால் வரமாட்டார் என்று அர்த்தம். அது அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் அவள் குரல் கடைசியில் இறங்கியது.

வீட்டுக்கு மேலே ஒரு பாறை. அதில் ஏறி நின்றால்தான் செல்போன் எடுக்கும். அன்று சாயங்காலம் ஏறி எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது, அவருக்குக் காது வேறு மந்தம், கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஏங்க! யாரும் வரமாட்டாங்க போல! ஆமா! அக்காவக் கூட்டிக்கிட்டுதான் வருவேன்! அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு வைங்க! எண்ணெய்! எண்ணெய்ங்க! நானும் மாதாகிட்ட வேண்டிக்கப் போறேன், ஒருத்தரும் வரக் கூடாதுன்னு!"

எதிர் மலை "கூடாதுன்னு" என்பதை ஒரு தடவை திருப்பிச் சொன்னது. பக்கத்தில் மேய்ந்த மாடு தலையைத் தூக்கி மணியை ஆட்டியது. இறங்கி வந்தபோது அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாமா மலைச் சாப்பாடு காட்டுகிறேன் என்று ஒரு சட்டியில் பாலாடைக்கட்டியை உருக்கி நடுவில் வைத்தார். ஆளுக்கொரு நீட்டுக் கம்பி. ரொட்டியைக் குத்தி, எல்லாரும் ஒரே சட்டியில் முக்கி முக்கிச் சாப்பிட வேண்டுமாம். எங்கள் வீட்டில் சின்ன வயசில் ஒருத்தர் எச்சில் டம்ளரை இன்னொருத்தர் எடுத்தால் முதுகில் பட்டையடி விழும். நான் முதல் முக்கோடு நிறுத்திக்கொண்டு, வடகம் தாளித்த ரசம் வைத்தேன். வடகப் புகையில் கூரையின் உள்பக்கம் ஒட்டியிருந்த புகை அலாரப் பெட்டி கீச்சென்று அலற, மாமா நாற்காலி போட்டு ஏறி அதன் வாயைத் துணியால் கட்டினார். ரசம் குடித்துவிட்டு மூன்று பேரும் வெகுநேரம் சிரித்தோம். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, மூலக்குளத்தில் தினம் இப்படித்தானே இருக்கும் என்று எனக்குள் ஒரே கொதிப்பு.

திருநாளுக்கு முந்தின நாள் கறி வாங்கப் போனோம். கீழ்வீட்டில் இருக்கிற மதாம் எலென் ஆடு வளர்க்கிறவர். அகலமான தோள், நாற்பத்திரண்டு அளவு ரவிக்கை சரியாக இருக்கும், சிரிப்பை மட்டும் அளவெடுக்க முடியவில்லை. கறியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு என்னை நோக்கி ஏதோ கேட்டார்.

"இவ்ளோ கறி எதுக்குன்னு கேக்கறாங்க" என்றாள் அக்கா.

"நாளைக்குச் சாப்பாட்டுக்குத்தான்னு சொல்லு."

அக்கா சொன்னாள். நாளைக்கு அவசியம் வரணும் என்று கையையும் பிடித்துக்கொண்டாள். மதாம் எலென் ஏதோ கேட்க வாயைத் திறந்தார், அப்புறம் மூடிக்கொண்டார். பாக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

திருநாள் அன்றைக்கு விடியற்காலையே சமையலை ஆரம்பித்துவிட்டோம். விறகடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல், நெய்ச்சோறு, வெங்காயப் பச்சடி, சேமியா பாயசம். யாரும் வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஏன் இத்தனை பார்த்துப் பார்த்துச் சமைத்தேன் என்று கேட்காதீர்கள். கை அப்படித்தான் பழகியிருக்கிறது. சட்டிகளை அடுப்போரம் மூடி வைத்துவிட்டு, புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினோம்.

கிளம்பின வேகத்தில் என் செருப்பு ஒரு புதுச் சாணியில் இறங்கி, வார் அறுந்து அங்கேயே நின்றுவிட்டது. வேறு வழி இல்லை, மாமாவின் பழைய பட்டாள பூட்சை மாட்டிக்கொண்டேன். மேலே மாம்பழக் கலர் பட்டு, கீழே பிரெஞ்சு ராணுவம். அக்கா என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். உப்பும் மிளகும் அவளே பிரித்துக் கட்டியிருந்தாள்.

பிரித்துப் பார்த்தேன். வெறும் உப்பாக இருந்தது. "மிளகு எங்கக்கா?"

"வறுவலுக்குப் போட்டுட்டேன்டி. உப்பு போதும், வா."

இருபது பேர் இருப்பார்கள் என்று அக்கா சொன்னது சரிதான். ஒரு பங்குச் சாமியார், இரண்டு பாட்டுக்காரக் கிழவிகள், மிச்சமெல்லாம் வெயிலில் சிவந்த விவசாயிகள். சின்ன மாதா சுரூபம் ஒன்றை மரப்பலகையில் வைத்து நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேளம் இல்லை, சீரியல் லைட் இல்லை, வெடி இல்லை. எங்கள் பங்குக் கோயிலில் மாதா கிளம்பினால் தெருவில் பஸ் நிற்கும். இங்கே ஒரு நாய் எழுந்து நின்றது.

முன்னால் தோள் கொடுத்தவரைக் காட்டி, "அவருதான் முசே மேர், இந்த ஊர்த் தலைவரு" என்றார் மாமா. எங்கள் ஊரில் மேர் என்கிற ஆள் போய் எத்தனையோ காலமாச்சு, கடற்கரையில் அவர் ஆபீசாக இருந்த மேரி கட்டடம் மட்டும் இருக்கிறது, அதுவும் ஒருதரம் இடிந்து விழுந்து திரும்பக் கட்டினது. உயிரோடு ஒரு மேரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நெட்டையான மனுஷன், பளபளவென்று வழுக்கை.

சுரூபம் எங்களிடம் வந்தது. அக்கா கண்ணை மூடி, உதட்டை அசைத்து, உப்பையும் மிளகையும் மாதா காலடியில் மெதுவாகப் போட்டாள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நானும் கண்ணை மூடினேன். மாதாவே, யாரும் வரக் கூடாது, என் அக்கா என்னோடு வரணும். சொல்லிவிட்டு, பொட்டலத்தில் இருந்ததை அப்படியே அள்ளி வீசினேன். கத்திரி பிடித்துக் காய்த்த கை அது. சுண்டைக்காய் பருமனில் ஒரு கல்லுப்பு மாதாவைத் தாண்டிப் போய் மேர் வழுக்கையில் டொக்கென்று விழுந்தது.

அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மேர் நின்றார். மேர் நின்றதால் பின்னால் வந்தவர்கள் இடித்தார்கள், மாதா ஒரு பக்கம் சாய்ந்தாள், சாமியார் ஐயோ என்று பாய்ந்து பிடித்தார். பாட்டு நின்றுவிட்டது. இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் என் பூட்சைப் பார்த்தார்கள்.

மாமா முன்னால் போய் பிரெஞ்சில் என்னென்னவோ விளக்கினார். மேர் குனிந்து அந்த உப்புக்கல்லைத் தேடி எடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் தோளைக் கொடுத்தார். சுரூபம் நகர்ந்தது. அக்கா முகம் வெளுத்துப்போயிருந்தது.

முடிந்தது கதை, மாதா என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் நாங்கள் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமா வெளியே இரண்டு கதவுப் பலகையைக் கட்டை மேல் போட்டு மேசையாக்கியிருந்தார். அக்கா வெள்ளைத் துணி விரித்து, தட்டுகளை வைத்து, ஒவ்வொரு தட்டிலும் ஒரு காட்டுப்பூ வைத்தாள். அப்புறம் ஜன்னலோரம் நின்றாள். கீழே ஊரிலிருந்து பாதையில் ஒரு ஈ காக்கை வரவில்லை. குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே நின்றது. மாமா விறகு பிளக்கப் போகவில்லை, படியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா காதில் புதுக் கம்மல் போட்டிருந்தாள். கழுத்தை நீட்டி நீட்டிப் பாதையைப் பார்ப்பதும், ஒன்றுமில்லை என்கிற மாதிரி துணியை நீவி விடுவதுமாக இருந்தாள். நீவின இடத்தையே திரும்ப நீவினாள். பிறகு என்னைப் பார்த்து, "சரி விடு, நாமளே சாப்புடுவோம். அப்புறம் பொட்டிய எடுத்து வெக்க ஆரம்பிக்கலாம்" என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்குக் குதிக்க வரவில்லை. இவளை இந்த முகத்தோடா மூலக்குளத்துக்குக் கூட்டிப்போய் அட்டாச்டு பாத்ரூமைக் காட்டப்போகிறேன்?

பாத்ரூம் போகிற சாக்கில் வெளியே போனேன். மரப்பெட்டிக்குப் பின்னால் நின்று, புனிதமில்லாத இடமாச்சே என்றுகூடப் பார்க்காமல் வேண்டிக்கொண்டேன். மாதாவே, என் வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கிறேன். வாபஸ் வாங்க முடியுமா என்று எந்தச் சாமியாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரே ஒரு ஆளையாவது அனுப்பு. அந்த ரொட்டி வேன்காரியையாவது அனுப்பு. அதே ஆடு வந்து நின்று பார்த்தது.

அப்போது கீழே டிராக்டர் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது மேர். டிராக்டரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் டிரெய்லரில் நாற்காலிகள், நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு மனுஷர்கள். பாட்டுக்காரக் கிழவிகள், சாமியார், மதாம் எலென், எல்லாரும். ஆளுக்கொரு பாலாடைக்கட்டி, ஒயின் பாட்டில். மேர் இறங்கி நேராக என்னிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து அந்த உப்புக்கல்லை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஏதோ கேட்டார். மாமா மொழிபெயர்த்தார்.

"எதுக்கு என்னை அடிச்சீங்கன்னு கேக்கறாரு."

"கைதவறிடுச்சுன்னு சொல்லுங்க மாமா. மாதாவுக்குப் போட்டது."

மாமா சொன்னார். மேர் தலையைத் தடவிக்கொண்டு பெரிதாகச் சொன்னதற்கு எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். மாமாவுக்கும் சிரிப்பில் மூச்சடைத்தது.

"இவர் மேரா இருக்கிற இத்தனை வருஷத்துல, கல்லால அடிக்கணும்னு ஆசைப்படாத ஆளே இந்த ஊர்ல கிடையாதாம். ஆனா அடிச்சது நீ ஒருத்திதானாம்."

அக்கா அப்போதும் வாசலிலேயே நின்றாள். மதாம் எலென் அவளிடம் போய், கோபமாகத்தான், விறுவிறுவென்று பேசினார். அக்கா கேட்கக் கேட்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா? என்ன திட்டறாங்க?"

"மணி சொல்லலையாம்டி நான்! ஒரு வருஷமா சாப்புட வாங்க, சாப்புட வாங்கன்னு கூப்புடறியே, என்னிக்கு, எத்தினி மணிக்குன்னு ஒரு தடவையாவது சொன்னியா? மணி சொல்லாம கூப்புட்டா அது மரியாதைக்குக் கூப்புடறதுன்னுதானே நாங்க நெனப்போம்? இப்பயும் திருநாளுக்கு வான்னியே, காலையிலயா, மத்தியானமா, ராத்திரியா? கோயில் வாசல்ல நின்னு இவ்ளோ நேரம் எங்களுக்குள்ள சண்டைங்கறாங்க. எத்தினி மணிக்குப் போறதுன்னு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நம் ஊரில் திருநாளுக்கு வாங்க என்றால் அதற்கு மணி எதற்கு? பூசை முடிந்தால் சோறு தயார், வந்தவர் உட்காருவார், உட்கார்ந்தவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். மணி சொல்லிக் கூப்பிட்டால்தான் அவமரியாதை, அளந்து சமைத்திருக்கிறார்கள் என்று பேச்சு வரும். இத்தனை வருஷம் பிரான்சில் குப்பை கொட்டியும் அக்கா கூப்பிட்டது என்னவோ நெல்லித்தோப்புக் கூப்பாடுதான்.

"அப்புறம் எப்படி வந்தாங்களாம்?"

மதாம் எலென் மேரையும் அவர் தலையையும் காட்டினார். அக்கா சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்.

"மேர்தான் முடிவு பண்ணாராம். ஒரு பொம்பளை என் தலையில உப்ப வீசிக் கூப்புட்டுட்டா, இதுக்கு மேல என்ன மணி வேணும், இப்பவே போலாம்னாராம்."

அப்புறம் என்ன, பந்திதான். முதலில் எல்லாரும் குழம்பைக் கரண்டி நுனியில் தொட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சாமியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, காரமா பக்தியா என்று தெரியவில்லை. மேர் மூன்றாம் தரமும் சோறு கேட்டார். மதாம் எலென் கையால் சாப்பிடுவது எப்படி என்று கேட்டார், அக்கா அவர் விரல்களைப் பிடித்துக் குவித்துக் காட்டினாள். சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கிழவி அக்காவிடம் கேட்டு மூலக்குளம் என்ற பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினாள். அந்தப் பாலாடைக்கட்டிச் சட்டியும் நடுவில் வந்தது. நானும் முக்கினேன். எந்தக் கம்பி யாருடையது என்று பார்க்கிற நிலையில் யாரும் இல்லை.

அதற்கடுத்த நாட்களில் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. காலையில் மதாம் எலென் வீட்டில் பால் கறக்கப் போய்விட்டாள். கிழவிகள் அதிரசம் கற்றுக்கொள்ள வந்தார்கள், மணி சொல்லித்தான் வந்தார்கள், சரியாக அந்த மணிக்கு வந்தார்கள், எங்களுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ரொட்டி வேன் வந்தபோது அக்காவுக்குப் பதிலாக நான் போய் நின்றேன். நான் வந்த வேலை நடக்காது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவின் தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டேன், என்னால் ஆனது அதுதான்.

கிளம்புகிற அன்று அக்கா ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். ரயில் வருவதற்கு முன்னால் என் கையில் ஒரு சாவியை வைத்து விரல்களை மடக்கினாள். மூலக்குளத்து வீட்டுக்கு அவளிடம் இருந்த சாவி.

"பூட்டி வெச்சுப் பாழாக்காதடி. யாரையாவது குடி வை. நடுக்கதவத் தொறக்கறவங்களாப் பாத்து வை."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் மாதாகிட்ட என்ன வேண்டிக்கிட்டேன்னா..."

"தெரியும்டி."

"எப்படித் தெரியும்?"

"பாறை மேல நின்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கத்தினியே, மலை முழுக்கத்தான் கேட்டுச்சு. அதனாலதான் உன் பொட்டலத்துல மிளகு போடலை. வெறும் உப்பு வேண்டுதல் மாதா வரைக்கும் போகாதுன்னு நெனைச்சேன்."

"அடிப்பாவி!" என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிக்கொண்டு, சிரித்து, மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. கதவு மூடுகிற வரைக்கும் அக்கா கையை ஆட்டிக்கொண்டே, அடுத்த வருஷமும் நீ வரணுமாம், மேர் இப்பவே ஒரு புதுத் தொப்பி வாங்கிட்டாராம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் எங்கள் வீட்டுக்காரர் முதலில் கேட்டது அக்கா எங்கே என்று. வரலை என்றேன். அவர் கையில் எண்ணெய் டின் இருந்தது. சொன்னபடியே தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டி வைத்திருந்தார், அது வெண்ணெயாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை, நன்றாகவே அழுதேன்.

கொஞ்ச நாளில் ஒரு நர்ஸ் குடும்பத்தைக் குடிவைத்தேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வேலை, விழுப்புரத்துப் பக்கம் ஊர், புருஷனுக்கு டிரைவர் உத்தியோகம். மதில் கதவைக் காட்டி, இதைத் திறக்கலாம், தப்பில்லை என்றேன். அந்தப் பெண் சரிங்கம்மா என்றாள். மணி சொல்லாமல்தான் சொன்னேன். பால் காய்ச்சினார்கள், சாமான் இறக்கினார்கள், சத்தம் அடங்கியது. அந்தக் கதவு மட்டும் அசையவில்லை. நான் கடையிலிருந்து வந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உருவின காம்பையே திரும்ப உருவிக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு கொஞ்சமாகத் திறந்து, ஒரு சின்னக் கிண்ணம் மட்டும் முதலில் உள்ளே வந்தது.

"அக்கா, இருக்கீங்களா? கொழம்பக் கொதிக்க வெச்சுட்டேன், உப்பு வாங்க மறந்துட்டேன். கொஞ்சம் குடுங்களேன்."

பிறந்ததிலிருந்து நான் தங்கச்சி. என்னை யாரும் அந்த மதில் வழியாக அக்கா என்று கூப்பிட்டதில்லை. எழுந்து உள்ளே போய், மரக்காணத்துக் கல்லுப்பைப் பொட்டலத்தோடு எடுத்து வந்து, கூடவே ஒரு பிடி மிளகும் வைத்து அவள் கையில் கொடுத்தேன்.